பால்கறிக்கு ஒரு நட்சத்திரம்

எங்கள் ஆட்களுக்கு வாயால் குறை சொல்வது கைவந்த கலை. எழுதித் தாருங்கள் என்று கேட்டால் மட்டும் எல்லாரும் சட்டென்று நல்லவர்களாகிவிடுவார்கள். விமர்சன இணையத்தளம் ஒன்றைத் தொடங்குவதற்கு முன்பு இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

கொழும்பில் எந்தக் கடையில் இடியப்பம் வாங்கலாம், எந்தத் தையல்காரர் சொன்ன நாளுக்குச் சாறிச் சட்டையைத் தருவார், ஏசி திருத்துபவர்களில் யார் வந்து பார்த்துவிட்டுக் காணாமல் போவார் என்பதையெல்லாம் அனுபவப்பட்டவர்களே தமிழில் எழுதவேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரமும் போடவேண்டும். இதுதான் எங்கள் தளம். 'எங்கள்' என்றால் நானும், என்னோடு படித்த கொட்டாஞ்சேனைக்காரன் ஒருவனும். அவன் நல்ல மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இதற்குள் வந்து விழுந்தவன். வீட்டில் கைக்குழந்தை. அவன் மனைவி என்னைக் காணும்போதெல்லாம் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே நான் பேச்சை மாற்றுவேன்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், போட்டோ கொப்பிக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். காலையில் வந்தவுடன் நான் செய்யும் முதல் வேலை, புதிதாக ஏதாவது விமர்சனம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வேலை, வராததை நினைத்துக் கவலைப்படுவது. மூன்றாவதாக, பக்கம் சரியாகத் திறக்கவில்லையோ என்ற சந்தேகத்தில் திரும்பத் திறந்து பார்ப்பது. இப்படியே மத்தியானமாகிவிடும்.

வந்தவை எல்லாம் ஐந்து நட்சத்திரம். 'நல்ல சேவை.' 'அருமை.' 'மிகவும் திருப்தி.' எழுதியவர்கள் யாரும் சொந்தப் பெயரில் எழுதவில்லை. 'வெள்ளவத்தைவாசி', 'ஒரு வாடிக்கையாளர்', 'உண்மை விளம்பி' என்று பட்டம் சூட்டிக்கொண்டு வந்தார்கள். உண்மை விளம்பியும் ஐந்துதான் போட்டார்.

உண்மையான விமர்சனங்கள் அம்மாவின் தொலைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தன. கோயிலில் கண்டவர், சந்தையில் கண்டவர், மாடிக்குடியிருப்பில் மேல்வீட்டுக்காரர் என்று எல்லாரும் அவரிடம்தான் சொல்வார்கள்.

"மேல்வீட்டு மனிசி சொல்லுறா, அந்தக் கடை நெத்தலியில ஒரே மண்ணாம். உன்னட்டச் சொல்லட்டாம். ஆனா தான் சொன்னதெண்டு போட வேண்டாமாம்" என்பார் அம்மா.

"அவவையே எழுதச் சொல்லுங்கோவன் அம்மா."

"அவ எப்பிடி எழுதுறது? கடைக்காரன்ர தங்கச்சியும் இவவின்ர மகளும் ஒண்டாப் படிச்சவையெல்லே."

கொழும்பு எவ்வளவு பெரிய நகரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வெள்ளவத்தைத் தமிழருக்கு அது ஒரு கூடம் அளவுதான். யாரைப் பற்றி வாய் திறந்தாலும், அவருடைய மச்சாள் அந்தப் பக்கம் நிற்பார்.

நண்பனுக்கு வேறு கவலை. கடைக்காரர்களே பொய் விமர்சனம் எழுதி நிரப்பிவிடுவார்கள் என்று பயந்து, 'எங்கே? எப்போது?' என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயமாக வைத்தான். எந்த இடத்தில், எந்தத் திகதியில் சேவையைப் பெற்றீர்கள் என்று சொல்லாமல் விமர்சனம் எழுத முடியாது. அந்த விவரமும் விமர்சனத்தோடு சேர்ந்து வெளியாகும். முகப்பில் ஒரு வாக்குறுதியும் போட்டோம்: 'உண்மையான விமர்சனத்தை யாருக்காகவும் அகற்ற மாட்டோம்.' அதை எழுதியவள் நான்தான். எழுதும்போது கம்பீரமாக இருந்தது. அகற்றச் சொல்லிக் கேட்கும் அளவுக்கு எவரும் ஒன்றும் எழுதப்போவதில்லை என்று உள்ளூர நினைத்திருந்தேன் போல.

பிறகு ஒரு திங்கட்கிழமை அது வந்தது.

கல்யாணச் சாப்பாடு செய்து கொடுக்கும் ஒருவரைப் பற்றிய விமர்சனம். கொட்டாஞ்சேனையில் அவருக்கு அலுவலகம். சமையல் நடப்பது ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தில். 'உருளைக்கிழங்குப் பால்கறி புளித்திருந்தது. பருப்பிலும் வாடை. இரண்டாம் பந்தியில் இருந்தவர்கள் சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாயாசத்தோடு எழும்பினார்கள்.' ஒரு நட்சத்திரம். கீழே மண்டபத்தின் பெயரும் முந்தைய நாள் திகதியும்.

"மச்சான், வந்துட்டுது" என்றான் நண்பன். எங்களுக்குள் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் மச்சான்தான். "இதத்தானே நாம இவ்வளவு நாளும் தேடினோம்! உப்புச் சப்போட ஒரு ரிவியூ!"

உண்மைதானா என்று பார்க்க, எழுதியவர் எங்களுக்கு மட்டும் தந்திருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். நடுத்தர வயதுப் பெண்குரல். மாப்பிள்ளையின் தூரத்து உறவு என்றார். "நான் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்ல. ரெண்டாம் பந்தியில இருந்த ஆரையும் கேட்டுப் பாருங்கோ. என்ர பேர் மட்டும் வெளியால வரக்கூடாது" என்றார். அந்தப் பந்தியில் இருந்த இன்னொருவரை அம்மா மூலம் பிடித்து விசாரித்தேன். அவரும் அதையே சொன்னார், எழுத மட்டும் மாட்டேன் என்றார். எனவே வெளியிட்டோம். வெளியிட்டதோடு நிற்காமல் 'இந்தக் கிழமையின் நேர்மையான விமர்சனம்' என்று முகப்பில் தூக்கியும் வைத்தோம். அன்று எங்களுக்குக் கால் தரையில் படவில்லை. கீழே போய் ஆளுக்கொரு பட்டிஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை அம்மாவின் முகம் சரியாக இல்லை. யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அது வெள்ளவத்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போய், அங்கிருந்து திரும்பி அம்மாவுக்கே வந்திருக்கிறது. அம்மாவுக்கு அனுப்பியவர் கீழே எழுதியிருந்தது சாப்பாட்டுக்காரரைப் பற்றியல்ல. 'பொம்பிளை வீட்டார் இப்பிடிச் செய்யலாமோ?'

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இடமும் நாளும் தெரிந்தால் எந்தக் கல்யாணம் என்று தெரிந்துவிடும். அந்த மண்டபத்தில் அன்று ஒரேயொரு முகூர்த்தம்தான். எங்கள் வழக்கத்தில் கல்யாணச் சாப்பாடு பொம்பிளை வீட்டின் மானம். சமைத்தது யாராக இருந்தாலும் பரிமாறியது பெண்ணின் தகப்பன். கறி புளித்தால் சமையற்காரருக்கு ஒரு நட்சத்திரம் குறையும்; அந்தப் பெண்ணுக்கோ போன வீட்டில் தலை குனியும். சாப்பாட்டுக்கடையில் சாப்பாடு சரியில்லை என்று எழுதுவதைப் போலத்தான் இதையும் நாங்கள் நினைத்தோம். வேறு நாட்டில் யாரோ செய்த முறையைக் கொண்டுவந்து எங்கள் பந்தியில் பரிமாறிவிட்டோம்.

"உனக்கு ஏன் பிள்ளை இந்த வேலை?" என்றார் அம்மா. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் பயந்துபோய்க் கேட்டார்.

அன்றைக்கே பெண்ணின் தகப்பன் படியேறி வந்தார். ஓய்வுபெற்றவர், முழுக்கைச் சட்டை, கையில் மடித்த குடை. கதிரையைக் காட்டினேன். இருந்தார். நேராக விஷயத்துக்கு வரவில்லை.

"நீங்கள் ஊரில எவடம் பிள்ளை?"

சொன்னேன்.

"அப்ப உங்கட அப்பா...?"

அதையும் சொன்னேன். என் தகப்பனின் ஒன்றுவிட்ட தமையனோடு அவர் ஒரே கந்தோரில் வேலை செய்தவராம். சாதாரணமாக இந்தக் கண்டுபிடிப்பில் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம் வரும். எனக்கு வரவில்லை. இனி அவர் வாடிக்கையாளருமல்ல, வெளியாளுமல்ல.

"அப்ப நீங்கள் எனக்குப் பிள்ளை முறை. உரிமையோட கேக்கிறன், அதை எடுத்துவிடுங்கோ."

"ஐயா, அது பொய்யெண்டு நீங்கள் சொன்னா நாங்கள் திரும்ப விசாரிக்கிறம்."

அவர் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பால்கறி புளிச்சதோ இல்லையோ, அது இப்ப கதை இல்லை. என்ர பிள்ளை புதுசாப் போயிருக்கிற வீடு. அங்க எல்லாரும் இதைப் பாத்திட்டினம்."

நான் வாக்குறுதியைப் பற்றிச் சொன்னேன். உண்மையான விமர்சனத்தை யாருக்காகவும் எடுப்பதில்லை, அது எங்கள் சட்டம் என்று. என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் "சட்டமோ" என்று மட்டும் சொன்னார். பிறகு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் போனதும் விமர்சனத்தை முகப்பிலிருந்து மட்டும் இறக்கி, உள்ளே அதன் இடத்தில் விட்டேன். எடுக்கவும் இல்லை, வைத்திருக்கவும் இல்லை என்ற மாதிரி ஒரு காரியம். யாருக்கும் பிரயோசனமில்லாத வேலை என்று தெரிந்தே செய்தேன்.

"எடுத்துட்டமெண்டா நாளைக்கு எல்லாக் கடைக்காரனும் படியேறி வருவான்" என்றான் நண்பன். "பிறகு தளத்த மூடிட்டு நான் திரும்ப வேல தேடணும்." அவன் சொன்னது சரி. அந்தத் தகப்பன் சொன்னதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருந்ததுதான் என்னைச் சித்திரவதை செய்தது.

பின்னேரம் சாப்பாட்டுக்காரர் தொலைபேசியில் வந்தார். அவருக்கு வெட்கமோ வருத்தமோ இருந்ததாகத் தெரியவில்லை.

"என்ன தங்கச்சி, நம்ம பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே. லொறி கண்டெய்னர்களுக்கு நடுவுல மாட்டிருச்சு. வெயிலு வேற. மூடி வச்ச கறி, நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப கறி புளிச்சது உண்மைதானே அண்ணை?"

"அதச் சொல்றதுக்கு அவங்க யாரு? சாப்பிட வந்தவங்கதானே. எனக்குக் காசு கட்டின கஸ்டமர் பொண்ணோட அப்பா. அவரே அஞ்சு ஸ்டார் போட்டிருக்காரு. உங்க சைட்லதான் இருக்கு, போய்ப் பாருங்க. எடுக்கலன்னா புதுக்கடைக் கோர்ட்டுல நமக்கு ஒரு லோயர் இருக்காரு, கடுதாசி வரும்."

போய்ப் பார்த்தேன். இருந்தது. வழக்கமான ஐந்துகளில் ஒன்று என்று வாசிக்காமலே விட்டிருக்கிறேன். அதே மண்டபம், அதே நாள். 'அருமையான சாப்பாடு. அனைவரும் திருப்தி.' ஐந்து நட்சத்திரம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பெண்ணின் தகப்பன்' என்றிருந்தது. போட்டிருந்த இலக்கம், காலையில் வந்துபோனவர் எங்களிடம் விட்டுச்சென்ற அதே இலக்கம். இரண்டு விமர்சனங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, பக்கத்துப் பக்கத்து இலையில் இருப்பவர்களைப் போல இருந்தன.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் நிம்மதியாக ஒரு தேநீர் குடிக்கவில்லை. ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் நின்றால் வக்கீல் கடிதம் என்று ஜன்னலுக்கு ஓடுவேன். எட்டிப் பார்த்தால் யாருக்கோ கொத்துரொட்டி கொண்டு வந்திருப்பான். அம்மா தொலைபேசியை எடுக்கப் பயந்தார். காலி வீதியில் தெரிந்த முகத்தைக் கண்டால் நான் மற்றப் பக்கத்துக்குக் கடந்துபோனேன். எல்லாவற்றுக்கும் மேலே, நான் முகமே கண்டிராத ஒரு பெண்ணைப் பற்றிய நினைப்பு. புதுத்தாலியோடு ஒரு வீட்டில் அவள் நடமாடுவதும், அங்கே யாரோ ஒருவர் தொலைபேசியை மற்றவருக்குக் காட்டுவதும் என் கண்ணுக்குள் வந்து வந்து போனது. எடுத்துவிடலாம் என்று ஒரு நாளில் பல தடவை கையைக் கொண்டுபோவேன். பிறகு முகப்பில் இருக்கும் என் கம்பீரமான வரியைப் பார்த்துவிட்டுக் கையை எடுப்பேன்.

அந்தப் பெண் ஒரு பின்னேரம் தானே வந்தாள். வங்கியில் வேலை. சீருடைச் சாறியோடு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஏறி வந்திருந்தாள். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. யாரென்று அவள் சொன்னவுடனேயே நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையால் மறித்தாள்.

"அக்கா, நான் அதை எடுக்கச் சொல்ல வரேல்ல. எடுத்துப்போடாதேங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான்."

நானும் நண்பனும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இப்ப எடுத்தீங்களெண்டா, நாங்கள் ஆளைப் பிடிச்சு எடுப்பிச்சிட்டமெண்டுதான் சொல்லுவினம். அது இன்னும் கேவலம்."

"வீட்டில ஏதும் சொல்லீனமோ?"

"மாமி ஒண்டும் சொல்ல மாட்டா. ஏசினாலும் பரவாயில்லை அக்கா, திருப்பி ஏதும் சொல்லலாம். அவ மேசைக்குக் கறி கொண்டு வரேக்க ஒவ்வொரு சட்டியையும் திறந்து, எனக்கு முன்னால நிண்டு, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாக்கிறா. பிறகு மூடி வைக்கிறா. ஒவ்வொரு நாளும். அவ சமைச்ச கறியையே."

சொல்லும்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கு அந்த மாமியின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைக் காட்ட எனக்கு என்ன உரிமை இருந்தது? சட்டியின் மூடியை அவர் கையில் கொடுத்ததே நாங்கள்தானே.

"கறி பழுதானதெண்டு அவைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்" என்றாள். "அதை ஆரோ எழுதினது பெரிய விஷயமில்லை. அதுக்கு மேல அப்பா போட்ட அஞ்சு ஸ்டார்தான் என்னைக் கொல்லுது. 'அனைவரும் திருப்தி' எண்டு கிடக்குது. அதை வாசிச்சுப்போட்டு மாமி என்ன நினைப்பா? புளிச்ச கறியைப் போட்டுட்டு அருமையெண்டு எழுதுற குடும்பத்தில பொம்பிளை எடுத்திட்டம் எண்டுதானே?"

இத்தனை நாளும் ஒற்றை நட்சத்திரத்தையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். குத்திக்கொண்டிருந்தது ஐந்து நட்சத்திரம்.

"அப்பாட்டக் கேட்டுப் பாத்தீங்களோ?"

"எப்பிடிக் கேக்கிறது? அவர் அண்டைக்கு முழுக்கக் கை கூப்பிக்கொண்டு வாசல்ல நிண்டவர். அவருக்கு முன்னால நான் இந்தக் கதையை எடுக்க மாட்டன். நான் இஞ்ச வந்ததும் அவருக்குத் தெரியவேண்டாம் அக்கா." பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "நேரமாச்சு. பிந்திப் போனா அதுக்கும் ஒரு மணப்பு இருக்கும்."

அவள் போன பிறகு நாங்கள் அந்த இரண்டு விமர்சனங்களையும் திரும்பத் திறந்து பார்த்தோம். ஒருவர் போட்ட நட்சத்திரத்தை அவர்தான் மாற்றலாம். நாங்கள் தொடக்கூடாது, தொட்டால் அதுவும் மோசடி. அவரிடம் போய், ஐயா உங்கள் ஐந்து நட்சத்திரம் பொய் என்று சொல்வதற்கும் எனக்குத் தைரியம் இல்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிய விதம் மறக்கவில்லை.

நண்பன்தான் ஒரு வழி கண்டான். "அவருக்கு மட்டும் அனுப்பினாத்தானே பிரச்சினை? சாப்பாட்டுக்காரங்களப் பத்தி எழுதின எல்லாருக்கும் ஒரே மெசேஜ் அனுப்புவோம்."

எழுத்து மட்டும் என் பொறுப்பு. வரியை எழுதி எழுதி அழித்தேன். குற்றம் சாட்டுவது போல இருக்கக்கூடாது, விளம்பரம் போலவும் இருக்கக்கூடாது. கடைசியில் இப்படி நின்றது: 'விழா நாளின் அவசரத்தில் எழுதிய விமர்சனத்தை, ஆறுதலாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மாற்ற விரும்பினால் எப்போதும் மாற்றலாம்.' அனுப்பிவிட்டு நகத்தைக் கடிக்கத் தொடங்கினேன். முதலில் வந்த பதில்கள் 'நீங்கள் யார்?' என்று கேட்டன. ஒருவர் இனிமேல் தனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று எழுதினார். பிறகு மெதுவாக, யாரோ ஒருவரின் ஐந்து நான்கானது. இன்னொருவரின் ஐந்து மூன்றாகி, 'வடை குளிர்ந்துபோயிருந்தது' என்று ஒரு வரியும் சேர்ந்தது. நண்பன் துள்ளினான். என் கண் ஒரேயொரு விமர்சனத்தின்மேல் இருந்தது. அது அசையவில்லை.

ஒன்றிரண்டு நாள் கழித்து, காலையில் வந்து பூட்டைத் திறக்கும்போது அவர் படியில் நின்றார். அதே முழுக்கைச் சட்டை, அதே குடை. ஏச வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இந்த முறை மறக்காமல் தேநீர் வரவழைத்தேன்.

அவர் கைத்தொலைபேசியை எடுத்து எங்கள் செய்தியைக் காட்டினார்.

"இது நீங்கள் அனுப்பினதோ பிள்ளை?"

"ஓம் ஐயா. எல்லாருக்கும் அனுப்பினது."

"இதுக்குள்ள எப்பிடிப் போறதெண்டு எனக்குத் தெரியேல்ல. அண்டைக்கு அந்தச் சாப்பாட்டுக்காரன்ர ஆள்தான் போனை வாங்கி எல்லாம் அமத்தினவன்." தேநீரைத் தொடாமல் வைத்திருந்தார். "முதல் பந்தி நடக்கேக்க வந்து, 'ஐயா, ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுவிடட்டோ' எண்டு கேட்டவன். சனம் வந்துகொண்டிருக்குது, நான் வாசல்ல நிக்கிறன். போடு தம்பி எண்டு போனைக் குடுத்திட்டன். நான் அப்ப வாயில ஒண்டும் வைக்கேல்ல."

எனக்கு எல்லாம் விளங்கியது. பெண்ணின் தகப்பன் பந்தி எல்லாம் முடிந்த பிறகுதான் இலையில் இருப்பார். காசு கட்டியவர் சாப்பிடவில்லை, சாப்பிட்டவர்கள் காசு கட்டவில்லை. எங்கள் தளத்தின் கட்டாயக் கேள்விகளில், சாப்பிட்டீர்களா என்று மட்டும் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

"பிறகு கடைசிப் பந்தியில இருந்தனான்" என்றார். "முதல் வாயிலயே தெரிஞ்சிட்டுது. பக்கத்தில சம்பந்தி இருந்தவர். நான் இலையில ஒண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடிச்சனான், பிள்ளை. நான் விட்டா அவரும் விடுவாரெண்டு."

நண்பன் தன் கதிரையை நகர்த்தி, உள்ளே போகும் வழியை அவருக்குக் காட்டிக்கொடுத்தான். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ஐந்திலிருந்து ஒவ்வொன்றாக அணைத்தார். ஒன்றில் வந்து நின்றார். பிறகு இன்னொன்றைக் கூட்டினார்.

"சோறு பிழையில்லை. இல்லாததைச் சொல்லக்கூடாது" என்றார்.

நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். ரயில் ஒன்று போய், ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. எழுதி முடித்து, சரியா என்று பார்க்க என்னிடம் நீட்டினார்.

'இந்தக் கல்யாணத்துக்குச் சாப்பாடு ஒழுங்கு செய்தவன் நான். உருளைக்கிழங்குப் பால்கறியும் பருப்பும் பழுதாகியிருந்தன. இதற்கு முன்பு இங்கே போட்டிருந்தது நான் சாப்பிடுவதற்கு முதல் போட்டது. வந்த எல்லாரும் என்னைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். என் மகளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.' கீழே தன் முழுப்பெயரைப் போட்டிருந்தார். எங்கள் தளத்தில் முழுப்பெயரோடு வந்த முதல் விமர்சனம் அதுதான்.

"ஐயா, இது சாப்பாட்டுக்காரரைப் பற்றி எழுதுற இடம்" என்றேன். "கடைசி வரி வேண்டாமெண்டா எடுத்துவிடலாம். எல்லாரும் வாசிப்பினம்."

"இருக்கட்டும் பிள்ளை. வாசிக்க வேண்டிய ஆளும் வாசிப்பாதானே."

நான் வெளியிடும் பொத்தானை அழுத்தினேன். அவர் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வக்கீல் கடிதம் வரவில்லை. காசு கட்டிய வாடிக்கையாளரே எழுதிய பிறகு சாப்பாட்டுக்காரருக்குப் பிடிக்க ஒரு கிளை மிஞ்சவில்லை. ஆனாலும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இடத்தையும் திகதியையும் சேர்த்து ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்தக் கேள்விகளை என்ன செய்வது என்று நாங்கள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம். திகதியை மறைத்தால் பொய் வருகிறது, காட்டினால் யாரோ ஒருவரின் வீட்டுக்குள் போய் நிற்கிறோம். அம்மா மறுபடியும் தொலைபேசியை எடுக்கத் தொடங்கியிருக்கிறார்.

ஒரு கிழமைக்குப் பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. மாமி அப்பாவின் விமர்சனத்தை வாசித்துவிட்டாராம். எப்படித் தெரியும் என்றால், தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கட அப்பா தன்ர பேரைப் போட்டெல்லே எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னாராம். கறி மணப்பதை விட்டுவிட்டாரா என்று கேட்டு நான் பதில் அனுப்பினேன். அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"இல்லை அக்கா, இப்பவும் மணந்துதான் பாக்கிறா" என்றது அடுத்த பதிவு. பின்னால் சட்டி பானைச் சத்தம் கேட்டது. "ஆனா இப்ப மூடியைத் திறந்து முதல்ல என்னட்டத்தான் நீட்டுறா. 'நீ ஒருக்காப் பார் பிள்ளை' எண்டு."